கத்தி எங்கே நிற்கும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது கீபேடை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது நான் பக்கத்தில் இருந்தால் இரண்டு கேள்வி கேட்பேன். அதற்குள் இப்போது என்ன இருக்கிறது? அதை உள்ளே வைத்தது யார்? பெரும்பாலும் சிரிப்புதான் வரும். கிழவர் ஆரம்பித்துவிட்டார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பதும், பையிலிருக்கும் ஸ்குரூ டிரைவர்களை ஏறும்போது ஒருமுறை இறங்கும்போது ஒருமுறை எண்ணுவதும் என் சுபாவம். வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். வேலையில் வாங்கியது ஒரே ஒருமுறை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் பழுது பார்த்த, மோட்டார்களை இயக்கும் சர்வோ டிரைவ்களுக்கு முகம் கிடையாது. இரும்புப் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று, அவ்வளவுதான். மோட்டார் ஏன் நின்றது என்று அந்தப் பெட்டியிடம் கேட்க வேண்டுமானால் கீபேடைச் சொருக வேண்டும். உள்ளங்கை அகலம், பதினாறு பொத்தான், இரண்டு வரி எழுத்து காட்டும் திரை, டெலிபோன் ரிசீவரில் இருப்பதுபோல் சுருள் கம்பி. தனியாக இருக்கும்போது அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. டிரைவில் சொருகினால்தான் உயிர் வரும். கேள்வி கேட்பதோடு இன்னொரு வேலையும் அது செய்யும். ஒரு டிரைவில் இருக்கும் அமைப்பு எண்களையெல்லாம் படித்து வைத்துக்கொள்ளும். அந்த டிரைவ் எரிந்துபோனால் புதிய டிரைவில் அப்படியே எழுதிவிடும். ஆனால் ஒரு இயந்திரத்தின் எண்களைத்தான் வைத்துக்கொள்ளும். இன்னொன்றைப் படித்தால் முதலில் இருந்தது அழிந்துவிடும். எந்த இயந்திரம் என்ற பெயரும் அதில் வராது.

எங்கள் வட்டாரத்தில் நாங்கள் நான்கு பேர். கீபேடு ஒன்று.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் மறியல்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போடுவார்கள். பஸ்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படி ஒரு மறியலின் நடுவில், நான் குடியிருந்த திருக்கோவிலூரில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்குக் காலையில் ஒரு போன் வந்தது. கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு ஸ்டார்ச் ஆலையின் மேனேஜர் பேசினார்.

அந்த ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுப்பார்கள். பாலிலிருந்து மாவைப் பிரிக்க ஒரு பெரிய இரும்புக் கூடை இருந்தது. கூடையின் சுவரெல்லாம் துளை, உள்ளே துணி போர்த்தியிருக்கும். அது வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் துளை வழியே வெளியே போய்விடும். மாவு துணிமேல் சுவர்போல் படியும். கூடை சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு நீளமான கத்தி மெல்ல நகர்ந்து வந்து மாவைச் சீவித் தள்ளும். துணியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது நின்றுவிட வேண்டும். கத்தியை நகர்த்துவது சர்வோ மோட்டார். எங்கே நிற்க வேண்டும் என்பது டிரைவுக்குள் இருக்கும் ஒரு எண்.

"கரன்ட் போயிட்டு வந்தப்ப டிரைவ் எரிஞ்சிடுச்சி சார். ஸ்பேர் இருந்துது, மாட்டிட்டோம். ஆனா அது காலி. நீங்க கீபேடோட வந்தாத்தான் ஆவும். மலையிலேர்ந்து கெழங்கு லாரி வந்து நிக்குது. வேற மில்லு பாத்து ஆத்தூருக்கும் போவ முடியாது, சேலத்துக்கும் போவ முடியாது, ரோடெல்லாம் மரம்" என்றார் மேனேஜர்.

பிடுங்கிய மரவள்ளி காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடும். அதன் பிறகு எந்த ஆலையும் வாங்காது.

கீபேடு அலமாரியில் இருந்தது. அதைக் கடைசியாக எடுத்துப் போனவர் எங்களில் ஒருவர். ஆத்தூர்ப் பக்கத்தில் இதே மாதிரிக் கூடை உள்ள இன்னொரு ஆலையில் வேலை முடித்து, கீபேடைத் திருப்பி வைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அந்த ஊரில் போன் கிடையாது. போன முறை இந்த ஆலைக்குப் போனபோது இதன் எண்களை நான் படித்து வைத்திருந்தேன். அவர் அங்கே போய் அந்த இயந்திரத்தின் எண்களைப் படித்திருந்தால் என்னுடையவை அழிந்திருக்கும். படிக்காமல் இருந்தால் என்னுடையவை இருக்கும். கையில் இருப்பது எது? வழி முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

மொபெட்டில் கிளம்பினேன். மரம் கிடந்த இடங்களில் வயலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். தியாகதுருகத்தில், மலைக்கோட்டை தெரியும் இடத்தில், என்னை மறித்தார்கள். பத்தொன்பது பேர். பயம் வந்தால் எண்ணுவது என் வழக்கம்.

"வண்டிய ஓரங்கட்டு. பையில இன்னா?"

பையைப் பிரித்தவன் கீபேடை வெளியே எடுத்ததும் ஒரு சத்தம் எழுந்தது. "டேய், ஒயர்லெஸ்டா! போலீஸ் ஆளுடா இவன்!"

சுருள் கம்பியும் பொத்தான்களுமாக, பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஏழுமலை என்று கூப்பிடப்பட்ட ஒருவர் முன்னால் வந்தார். முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் கோடாலி. கோடாலியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு கீபேடை வாங்கி, பதினாறு பொத்தானையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"பேச மாட்டேங்குது."

"அது பேசாதுங்க. மில்லுல ஒரு பெட்டி இருக்குது. அதுல சொருகினா எழுத்து வரும்."

"நல்லாருக்குதே கத. பல்பு இங்க, கரன்ட் அங்கியா?"

சிரித்தார்கள். ஒருவன் சிரிக்காமல், "கல்லு மேல வெச்சி ஒண்ணு போட்டா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சிட்டுப் போவுது" என்றான். அவன் சொன்ன கல்லும் பக்கத்திலேயே இருந்தது.

மலைக்காரர்களின் கிழங்கு லாரியோடு நிற்பதைச் சொன்னேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஏழுமலை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சரி சரி, ஒரு தபா சொன்னா போதும். கெழங்கு கெட்டா அவங்க வயித்துலதான் அடி. நானும் வரேன். பொட்டி என் கைலதான் இருக்கும். சொருவி எழுத்து வந்தா நீ பொழச்ச. வரலைன்னா பொட்டியும் இங்க வரும், நீயும் இங்க வருவ."

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, கீபேடைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் வண்டி குதித்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு முன்னால் ஓரிடத்தில், வெட்டுப்பட்ட மரம் மின்கம்பிமேல் விழுந்து கம்பத்தையே சாய்த்திருந்தது. மின்வாரிய ஆட்கள் திரும்ப இழுத்துக் கட்டிவிட்ட கம்பி புதிதாக மின்னியது. நான் வண்டியை மெதுவாக்கினேன்.

"அது நாங்க வெட்டுனது இல்ல. அது வேற ஆளுங்க" என்றார் பின்னாலிருந்து.

ஆலை வாசலில் லாரி நின்றது. கிழங்குக் குவியலின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, அதன் மேலேயே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பச்சையம்மா என்று மேனேஜர் சொன்னார். மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர்க்காரர். அவர் குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும் போட்ட கிழங்கு முழுவதும் அந்த லாரியில்தான் இருந்தது. ஆண்கள் மறியல் பயத்தில் மலையிலேயே நின்றுவிட, இவர் ஏறி வந்துவிட்டார்.

"இவருதான் வைத்தியரா? கையில ஒரு ஊசிகூடக் காணமே" என்றார் என்னைப் பார்த்து.

"ஊசி எங்கிட்ட இருக்குது" என்று ஏழுமலை கீபேடைத் தூக்கிக் காட்டினார்.

பச்சையம்மா ஒரு கிழங்கை எடுத்து லாரிச் சட்டத்தில் தட்டி இரண்டாக உடைத்து எங்களுக்குக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. "இன்னும் உசுரு இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள பாத்துக்க சாமி."

மேனேஜர் உள்ளே அழைத்துப் போய், மரம் கம்பிமேல் விழுந்தது, கரன்ட் திரும்பி வந்த வேகத்தில் டிரைவ் எரிந்தது என்று விவரம் சொன்னார். ஏழுமலை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீபேடை என்னிடம் நீட்டினார்.

சொருகினேன். திரையில் இரண்டு வரி எழுத்து வந்தது.

"வந்துடுச்சிய்யா!" என்றார் ஏழுமலை. அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

கீபேடில் இருந்ததைப் புதிய டிரைவில் எழுதச் சொல்லி அமுக்கினேன். சற்று நேரத்தில், முடிந்தது என்று ஆங்கிலத்தில் காட்டியது. மேனேஜர் கைதட்டினார். வரமுடிந்த தொழிலாளிகள் இரண்டே பேர். அவர்களும் எழுந்து நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "ஓட்டலாமா சார்?" என்றார் மேனேஜர், கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோய்.

"இருங்க" என்றேன்.

எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோட்டார் அளவு சரி. வேகம் சரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு ஆலையிலும் ஒரே மாதிரி இயந்திரம். வேறுபடக்கூடியது ஒன்றே ஒன்று: கத்தி நிற்கும் இடம். அது அந்தந்தக் கூடையையும் துணியின் கனத்தையும் பொறுத்தது. திரையில் ஒரு எண் இருந்தது. அது இந்தக் கூடையின் எண்ணா, ஆத்தூர்க் கூடையின் எண்ணா? வழியில் கிடந்த மரங்களை எண்ணி வந்தவன் நான். போன முறை நானே படித்து வைத்த அந்த எண் எனக்கு நினைவில்லை.

"கூடையைக் கழுவி, நிறுத்தி வெச்சபடியே கத்தியை நகர்த்திப் பார்க்கணும். எங்க நிக்குதுன்னு கண்ணால பார்த்த பிறகுதான் சுத்தணும்" என்றேன்.

"சார், கூடைல பழைய மாவு காஞ்சி ஒட்டிக்கினு கெடக்குது. ரெண்டு ஆளை வெச்சிக் கழுவறதுக்குள்ள பொழுது போயிடும். திரையே முடிஞ்சிதுன்னு சொல்லுதே!"

"எழுதி முடிஞ்சுதுன்னு சொல்லுது. எழுதினது சரின்னு சொல்லலை."

விஷயம் லாரிக்குப் போய், பச்சையம்மா இறங்கி உள்ளே வந்துவிட்டார். "இன்னா நடக்குது இங்க? பொட்டி சரின்னுச்சாம், இவரு வாணாங்கறாராம்?"

அவருக்கு விளக்கினேன். கத்தி, துணி, கூடையின் வேகம். பொறுமையாகக் கேட்டார்.

"கத்தி துணிய தொட்டா இன்னா ஆவும்?"

"துணி கிழிஞ்சி சுருட்டிக்கலாம். கத்தி கூடையில மாட்டலாம். அந்த வேகத்துல மாட்டினா என்ன ஆகும்னு எனக்கே சரியா தெரியாதுங்க."

"தொடும்னு தெரியுமா?"

"தெரியாது."

"தொட்டா இன்னா ஆவும்னும் தெரியாது. தொடுமான்னும் தெரியாது. ரெண்டும் தெரியாம நிக்கறதுக்கு எங் கெழங்கு சாவணுமா?"

இளைஞர்களே, கைப்புத்தகத்தில் இருக்கும் எந்தக் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள். எதிரில் நிற்பவருடைய ஒரு வருட உழைப்பு உங்கள் சந்தேகத்தால் வீணாகிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்கும் கேள்விதான் கடினம். ஓட்டிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்தச் சுவிட்சை அமுக்கும்போது கூடைக்கு அருகில் யார் நிற்பார்கள் என்று பார்த்தேன். அந்த இரண்டு தொழிலாளிகள் நிற்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

"கழுவலாம்" என்றேன்.

பச்சையம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் லாரியில் ஏறிக்கொண்டார். நான் சட்டையைக் கழற்றினேன். ஏழுமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். காய்ந்த மாவு சுண்ணாம்புச் சுவர்போல் இருந்தது. தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, மரக்கட்டையால் தேய்த்து, திரும்பவும் ஊற்றினோம். வெளியே வெயில் லாரியின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. வாளிகளை எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன். எண்ண எண்ணக் கவலை கூடியது.

துணி தெரிந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. டிரைவ் இருந்த பேனல் சுவருக்கு இந்தப் பக்கம், கூடை அந்தப் பக்கம். கீபேடின் கம்பி சுவரைத் தாண்டாது. பொத்தானை அமுக்குகிறவன் நான். கத்தியைப் பார்க்கிறவன் வேறு ஒருவன். கூடையின் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கத்தி மட்டும்தான் நகரும். தொழிலாளிகள் இருவரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பாக்கறேன்" என்றார் ஏழுமலை. மூடியைத் திறந்த கூடையின் வாயில் தலையை விட்டுக் குனிந்து நின்றார். "கத்தி எங்க வருதுன்னு சொல்றேன். நான் நிறுத்துன்னா நிறுத்து. ரோட்டுல ஒன் ஒயர்லெஸ்ஸு இருந்த மாதிரி சும்மா இருக்காத."

பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் கத்தி ஒரு மயிரிழை நகரும். இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று திரை காட்டிக்கொண்டிருந்தது.

"வருது… வருது… நாலு வெரலு இருக்குது."

"சரி."

"வா… ரெண்டு வெரலு. வந்துக்கினே இருக்குது. ஒரு வெரலு."

திரையில் இன்னும் தூரம் மிச்சம் இருந்தது. பொத்தானை இன்னும் லேசாகத் தொட்டேன்.

"அர வெரலு. மெதுவா. மெதுவாய்யா. நகக்கண்ணு அளவுதான் இருக்குது…"

திரையில் இன்னும் மிச்சம் இருந்தது.

"நிறுத்து! நிறுத்து! துணி அசையுது!"

கையை எடுத்தேன். கத்தியின் நுனி துணியைத் தொட்டிருந்தது. திரை இன்னும் கொஞ்சம் போக வேண்டும் என்றது. கீபேடில் இருந்தது ஆத்தூர்க் கூடையின் எண்.

கத்தியைப் பின்னால் எடுத்து, ஏழுமலை சொன்ன அரை விரல் இடைவெளியில் நிறுத்தி, அந்த இடத்தையே நிற்கும் இடமாகப் பதித்தேன். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றது. மூடியை மூடி, ஃபியூஸைத் திரும்ப மாட்டி, எல்லோரையும் சுவருக்கு இந்தப் பக்கம் வரச்சொல்லி, கூடையைச் சுற்றவிட்டோம். தொட்டியில் ஏற்கெனவே அரைத்து வைத்திருந்த பாலை உள்ளே விட்டதும் சற்று நேரத்தில் மாவு சீவிச் சீவி வெள்ளையாக விழுந்தது.

மேனேஜர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்ளோ சார் தாண்டிப் போயிருக்கும்? ஒரு நூல் அளவா? துணிதான் கிழிஞ்சிருக்கும். வேற மாத்தியிருப்போம். இவ்ளோ நேரம் ஆயிருக்காது."

"நீ தலைய உள்ள வுட்டுப் பாத்தியா? நான் பாத்தேன்" என்றார் ஏழுமலை.

மேனேஜர் சொன்னது பொய்யாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். துணி மட்டும் கிழிந்து நின்றிருக்கலாம். கூடையே உடைந்து சுவரைத் துளைத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நடக்காத விபத்தை எடுத்து வந்து யாரிடமும் காட்ட முடியாது. ஆனால் நான் தாமதப்படுத்தியதைக் காட்ட முடியும். அது வெளியே லாரியில் இருந்தது.

வெயில் பட்ட மேல் அடுக்குக் கிழங்குகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. கலந்து போட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன், வெள்ளையை மட்டும் பிரித்துக் கொடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பச்சையம்மா லாரி நிழலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிழங்காக நுனியில் வெட்டிப் பார்த்து, இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கக் குவியல் வெள்ளை. இடப்பக்கக் குவியலும் சின்னதாக இல்லை.

போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் முகம் நிமிராமல் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார்.

"இதையாவது வெரசா பண்ணு."

ஒரு கிழங்கை எடுத்து நுனியை வெட்டினேன். வெள்ளை. திருப்பி அடுத்த நுனியையும் வெட்டினேன். அங்கே ஒரு நீல நரம்பு இருந்தது. இடப்பக்கம் போட்டேன். அடுத்ததிலும் அப்படியே இரண்டு நுனியும் பார்த்தேன். இரண்டும் வெள்ளை, வலப்பக்கம். மூன்றாவதில் மறுபடியும் மறுநுனியில் நரம்பு. இடப்பக்கம் போட்டேன்.

அவர் கை நின்றது.

"இன்னா பண்ற?"

"ஒரு பக்கம் மட்டும் பார்த்தா தெரியலைங்க. மறுபக்கம் கறுத்திருக்குது."

"இது கத்தி இல்ல சாமி. கெழங்கு. யார் கையையும் வெட்டாது." இடப்பக்கக் குவியலை ஒருமுறை பார்த்தார். "போதும். நீ எழுந்துக்க. இந்த வேலைக்கு ஒங் கண்ணு ஆவாது."

எழுந்து நின்றேன். என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு இடப்பக்கம் கையை நீட்டி, நான் கடைசியாகப் போட்ட கிழங்கை எடுத்தார். நரம்பு ஓடிய நுனியை ஒரு வெட்டில் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தை வலப்பக்கக் குவியலில் போட்டார். முதலில் நான் போட்டதையும் தேடி எடுத்து அப்படியே செய்தார். உள்ளே நரம்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் பார்த்தேன், கொஞ்சம் போயிருந்தது.

ஆலை வாசலில் நின்று மேனேஜர் என்னைக் கேட்டார்: "வெள்ளை எல்லாம் சரியாப் பிரிச்சிட்டாங்களா சார்? நீங்க பாத்தீங்க இல்ல?"

"பார்த்தேன். சரியா இருக்குது" என்றேன்.